‘விருப்பம்’ என்ற சொல்லை நீக்கக் கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
உரிமையாளர், ஆபரேட்டர், கடையைக் கூட்டிப் பெருக்குபவர் (மூவரும் ஒருவரே),
ஜெராக்ஸ் – லேமினேஷன் – ஆன்லைன் சேவை மையம்,
பஸ் ஸ்டாண்டு எதிரில், அருப்புக்கோட்டை.

பெறுநர்:
மருத்துவக் கல்லூரி இடங்களைப் பங்கிட்டுத் தரும் டெல்லி, சென்னை அதிகாரிப் பெருமக்கள்.

பொருள்: எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு – சாய்ஸ் ஃபில்லிங் – ‘விருப்பம்’ என்ற சொல்லை நீக்குதல் – தொடர்பாக.

பார்வை: 1. போன வருஷத்துக் கட்-ஆஃப். 2. இந்த வருஷத்து மார்க். 3. மேற்படி இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது.

ஐயா / அம்மா,

வணக்கம். பட்டா மாறுதல், வருமானச் சான்று, வாரிசுச் சான்று, கரண்ட் பில் என்று வருஷம் முழுக்க வயிறு வளர்க்கும் நான், ஜூலை மாதம் பிறந்துவிட்டால் மருத்துவக் கல்வி ஆலோசகர் ஆகிவிடுகிறேன். எனது தகுதி: பிளஸ் டூ உயிரியலில் 200க்கு 91. தவளை அறுக்கும் அன்று காய்ச்சல் என்று லீவு போட்டவன். ஆனாலும் இந்த ஊரில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் எந்தக் கல்லூரியில் பிணம் அறுக்கப் போகிறார்கள் என்பது, எழுத்து அழிந்துபோன என் கீபோர்டு வழியாகத்தான் முடிவாகிறது. கட்டணம் 150 ரூபாய். பிரிண்ட் அவுட் தனி.

மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், உங்கள் திரையில் ‘விருப்பம் 1’ என்று ஒரு கட்டம் வருகிறது. அடுத்து ‘விருப்பம் 2’. இப்படியே கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. பிறந்ததிலிருந்து அதனிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை. உயிரியல் குரூப் எடுத்தது அம்மா. கோச்சிங் சென்டரைப் பிடித்தது மாமா. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுது என்றது அப்பா. இப்போது அரசாங்கமே கேட்கிறது, உன் விருப்பம் என்னம்மா என்று. அந்த வெளிச்சத்தை அணைக்கும் வேலை எனக்கு. “பாப்பா, மார்க் எவ்வளவு?” என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா?

எங்கள் வீட்டில் மளிகைச் சிட்டை எழுதும்போது நானும் முதல் வரியில் முந்திரிப் பருப்பு என்றுதான் எழுதுவேன். வீட்டுக்கு வந்து சேர்வது கடலைப் பருப்பு. அதற்காக அந்தச் சிட்டைக்கு ‘விருப்பப் பட்டியல்’ என்று யாரும் பேர் வைத்ததில்லை.

மார்க் என்றேன். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எதிர்ச் சாரியில் எனக்கு முன்பிருந்தே கடை போட்டிருக்கும் ஜோசியர், சென்ற மாதம் பேத்தியின் மார்க்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இதுக்கு எங்க கிடைக்கும்?”

“உங்களுக்குத் தெரியாததா அய்யா?”

“எனக்கு நட்சத்திரம்தான்டா தெரியும். அது வருஷத்துக்கு வருஷம் மாறாது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. 2024ஆம் வருஷ நீட் ரிசல்ட்டை ஜூன் 4 அன்று, மக்களவைத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்த அதே நாளில் வெளியிட்டார்கள். நாடே வேறு மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம். 720க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். பிறகு, நேரம் குறைந்துபோனது என்று 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டது வெளியே வந்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுதேர்வு வைத்ததும் முதலிடக்காரர்கள் 61 ஆனார்கள். இயற்பியலில் அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு விடையையும் சரி என்று திருத்தியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கேட்டது. ஒன்றுதான் சரி என்றார்கள். 61இல் 44 பேர் இறங்கி, மிச்சம் 17. அணுவுக்குள் இவ்வளவு சக்தி இருக்கிறது என்று பாடப் புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருஷம், 2025இல், நாட்டிலேயே முதல் மார்க் 686. அந்த வருஷம் 650 வாங்கிய பிள்ளை அகில இந்திய அளவில் முதல் நூறு பேருக்குள் நிற்கும். முந்தைய வருஷம் அதே 650க்கு முன்னால் வரிசையில் இருபதாயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். அதே 650. போன வருஷக் கட்-ஆஃபை பி.டி.எஃப். ஆகப் போனில் ஏற்றிக்கொண்டு வந்து, “அண்ணாச்சி, போன வருஷம் 600க்கு மதுரைல கிடைக்கலையாம்” என்று கண் கலங்கும் அப்பாக்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுக்கிறேன். மார்க்கைப் பார்க்காதீங்க, ரேங்க்கைப் பாருங்க என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அந்த டீச் செலவை எந்தத் தலைப்பில் கோருவது என்று தெரிவித்தால் நலம்.

இனி, வரிசைப்படுத்தும் விஷயம். இந்த மாவட்டத்தில் நிலவும் மிகப் பெரிய மூடநம்பிக்கை இதுதான்: ‘கிடைக்காத காலேஜை மேலே போட்டால் கிடைக்கிற காலேஜும் போய்விடும்.’ படித்தவர்களே நம்புகிறார்கள். தலைமையாசிரியர் ஒருவர் என் கடையில் உட்கார்ந்து, மகனின் விருப்பப் பட்டியலிலிருந்து சென்னை மருத்துவக் கல்லூரியை எடுக்கச் சொன்னார். “அவ்வளவு பெரிய இடத்தைக் கேட்டா கம்ப்யூட்டர் நம்மளைத் தப்பா நினைக்கும்” என்றார். 1835இல் தொடங்கிய கல்லூரி. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே நிற்கிறது. மரியாதைக்காகவாவது மேலே இருக்கட்டுமே சார் என்றேன். கேட்கவில்லை.

நான் அவர்களுக்குச் சொல்லும் விளக்கம் இது. பையனைக் கடைக்கு அனுப்புகிறோம். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருந்தா வாங்கு. இல்லைனா திருநெல்வேலி அல்வா. அதுவும் இல்லைனா சாத்தூர் காராச்சேவு.’ பையன் வரிசையில் நிற்கிறான். அவன் முறை வரும்போது பால்கோவா இருந்தால் பால்கோவா, தீர்ந்திருந்தால் அடுத்தது. பால்கோவா கேட்ட குற்றத்துக்காகக் காராச்சேவை யாரும் ஒளித்து வைப்பதில்லை. ஆனால் ‘நமக்கு எங்க பால்கோவா’ என்று காராச்சேவை முதலில் எழுதிக் கொடுத்தால், பால்கோவா தட்டு நிறைய இருந்தாலும் பையன் காராச்சேவோடுதான் வருவான். உங்கள் கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அது எழுதிய பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகிறது. இவ்வளவு நேர்மையான ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதை எங்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதாமல், பக்கம் பக்கமாக விதிமுறைக் கையேடு போட்டிருக்கிறீர்களே, அந்த அடக்கத்தை மெச்சுகிறேன்.

அடுத்து, ஊர்ப் பெயர்கள் பற்றி ஒரு சின்ன விளக்கம் தேவைப்படுகிறது. பட்டியலில் ‘எய்ம்ஸ், மதுரை’ என்று வருகிறது. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022இல் முதல் அணியாக 50 பிள்ளைகள் மதுரை எய்ம்ஸில் சேர்ந்தார்கள், ராமநாதபுரத்தில். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பு நடந்தது. எங்கள் பஸ் ஸ்டாண்டில் மதுரை என்று போர்டு மாட்டிய வண்டி ராமநாதபுரத்தில் கொண்டுபோய் இறக்கினால் கண்டக்டரைச் சும்மா விடமாட்டார்கள். நீங்கள் செய்தபோது பெற்றோர் இனிப்பு கொடுத்தார்கள். இதிலிருந்து பஸ் கண்டக்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நீட்டுக்கு முன்னால் பிளஸ் டூ மார்க்கை வைத்து 200க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அப்போது நாமக்கல் பக்கம் கோழியும் மாணவனும் ஒரே முறையில்தான் வளர்க்கப்பட்டார்கள்: விளக்கை அணைக்காமல், நேரத்துக்குத் தீனி போட்டு. இப்போது பண்ணை இடம் மாறி, கோச்சிங் சென்டர் என்று பேர் மாற்றிக்கொண்டது. அவ்வளவுதான். அன்றைக்குக் கலந்தாய்வு அரங்கத்தில் நேரில் போய் நிற்க வேண்டும். திரையில் மிச்சம் இருக்கும் இடங்கள் தெரியும். இருப்பதில் ஒன்றைக் கைகாட்ட வேண்டும். அங்கே யாரும் அதை விருப்பம் என்று சொல்லி ஏமாற்றவில்லை என்பது மட்டும்தான் என் வாதம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பணம்.

2025இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மார்க் 144. ஐம்பது பர்சன்டைல் என்பதை நூற்றுக்கு ஐம்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, பரீட்சை எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டினால் போதும் என்று விளக்கியும் அலுத்துவிட்டேன். 720க்கு 144. நூற்றுக்கு இருபது. இதே மார்க்கை ஆறாம் வகுப்புக் கணக்கில் வாங்கினால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். இங்கே ‘தகுதி பெற்றார்’ என்று வருகிறது. நல்லது. தகுதி பெற்றவருக்கு இடம் கிடைக்குமா என்றால், அதுவும் கிடைக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவே இரண்டு லட்சம் முன்வைப்பு கட்ட வேண்டும். திருப்பித் தருவார்கள். தருவார்கள் என்றாலும் முதலில் இருக்க வேண்டுமே.

சென்ற வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வட்டிக்கடை. மகன் மார்க்கை அவர் சொல்லவே இல்லை. “எதுவா இருந்தாலும் பரவால்ல. சேலத்துக்குக் கிழக்க இருக்கறதெல்லாம் போடு. பையனுக்கு ஏ.சி. ரூம் வேணும்” என்றார். என் பதினான்கு வருஷ அனுபவத்தில் விருப்பத்தை விருப்பமாகச் சொன்ன ஒரே மனிதர். மெஸ்ஸில் தோசை கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். பட்டியலை அவர் சொல்ல, நான் அடிக்க, கல்யாணத்துக்கு மெனு போட்ட மாதிரி பத்து நிமிஷத்தில் முடிந்தது.

இன்னொருவர் விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தது. வட்டிக்கடைக்காரர் மகனைவிட மார்க் எவ்வளவு அதிகம் இருக்கும் என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும், ஊகித்தேன். இந்த ‘உதவிபெறும்’ என்ற வார்த்தையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முதல் வருஷமே, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் அதையும் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். நல்ல சட்டம், பல வீடுகளில் விளக்கேற்றியது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளை அதற்குள் வராது. அரசு உதவுவதால், அரசின் உதவி கிடையாது. இந்த வாக்கியத்தை நான் தறிக்காரருக்கு மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லும்போது எனக்கே புரியவில்லை.

அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: “கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” விருதுநகரில் 2022இல் திறந்த புதுக் கல்லூரி, அரைமணி, முக்கால்மணிப் பயணம், ராத்திரி பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும், ஹாஸ்டல் செலவு மிச்சம். எனவே அவர் பட்டியலில் விருதுநகர் முதலாவது. மதுரை இரண்டாவது. அதற்கப்புறம் பஸ் வசதி குறையக் குறையக் கல்லூரியும் கீழே போனது. சிரிக்காதீர்கள். உங்கள் தரவரிசை நிபுணர்கள் போடும் பட்டியலைவிட இதில் கணக்கு சுத்தமாக இருந்தது. பட்டம் தரப்போவது எப்படியும் ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தானே என்றும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், கேஸ் நிறையப் பார்க்கலாம் என்று இழுத்தேன். “கூட்டம் நமக்கு எதுக்குண்ணாச்சி?” என்றார்.

தனியார் கல்லூரிகளை என்ன செய்வது என்று கேட்டேன். அரசு ஒதுக்கீட்டு இடமென்றாலே வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். பட்டியலில் சேர்த்துக் கிடைத்துவிட்டால் கட்ட வேண்டும். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தகப்பன் பயந்து நான் பார்த்தது அங்கேதான். அத்தனையையும் நீக்கினோம். அவர் ஒவ்வொன்றாகப் பேர் வாசிக்க, நான் ஒவ்வொன்றாக அழித்தேன். நீக்கும் பட்டன் இருக்கும் மூலையில் என் கீபோர்டு கொஞ்சம் இறுகும். அழுத்தி அழுத்தி விரல் வலித்தது.

தேர்வு என்றால் தகுதி, தகுதி என்றால் தராசு முனை என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு 2023 செப்டம்பர் ஞாபகம் வருகிறது. மேற்படிப்பு இடங்கள் நிரம்பவில்லை என்று, எம்.டி., எம்.எஸ்.ஸுக்கான தகுதியை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யம் பர்சன்டைலுக்கு இறக்கினீர்கள். பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தால் போதும் என்று அர்த்தம். எம்.பி.பி.எஸ். வாசலில் ஒற்றை மார்க்குக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிற அதே காவலாளி, எம்.டி. வாசலில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ‘வாங்க வாங்க’ என்று கும்பிட்டு நிற்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டால், உள்ளே சாப்பாடு மிச்சமாகிவிட்டதாம்.

எனவே எனது கோரிக்கை: அடுத்த வருஷத்திலிருந்து ‘விருப்பம் 1’ என்பதற்குப் பதில் ‘வரிசை 1’ என்று போடவும். மார்க் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘தகப்பனார் வங்கி இருப்பு’ என்று ஒரு கட்டம் சேர்க்கவும். இதைச் சேர்த்துவிட்டால் பாதிப் பேருக்குப் பட்டியல் தானாகவே நிரம்பிவிடும். என் 150 ரூபாய் போகும், போகட்டும். கடைசி பஸ் நேரத்துக்கும் ஒரு கட்டம் இருந்தால் தறிக்காரர்கள் வாழ்த்துவார்கள். காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டாலும் போதும்.

காரணம் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. தறிக்காரர் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் அந்தப் பெண் மெல்லக் கேட்டது: “அண்ணே, ஸ்டான்லி எத்தனாவது இருக்கு?”

பத்தொன்பதாவது இருந்தது. சென்னைக்குப் பஸ் தூரம் அதிகம் அல்லவா.

“எதுக்கும்மா ஸ்டான்லி?”

“அப்பா கையை அங்கதான் சரி பண்ணாங்க.”

அப்போதுதான் பார்த்தேன். அவர் வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது. தறியில் மாட்டிய கை. ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே பல ஆண்டுகளாகத் தனிப் பிரிவு இருக்கிறது. ரயிலேறிப் போய் மூன்று மாதம் கிடந்து, திரும்பி வந்து அதே தறியை அதே கையால் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளையின் ரேங்க்குக்குப் போன வருஷக் கணக்கில் ஸ்டான்லி எட்டாது. ஆனால் போன வருஷக் கணக்கின் லட்சணம்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

அவர் உள்ளே வந்ததும் பால்கோவா கதையை இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னேன். ஸ்டான்லியை மேலே ஏற்றினால் விருதுநகர் ஓடிப்போகாது என்றேன். நம்பினாரா தெரியாது. மகளைப் பார்த்தார். பிறகு பட்டன் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து, வந்திருந்த ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாக வாசிக்கத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

“அண்ணாச்சி, அந்தப் பேரை மேல போட்டா தனியா ஃபீஸ் எதுவும் கேப்பாகளா?”

“இல்லண்ணே. அதுக்கு இன்னும் வைக்கல.”

“அப்ப மொதல்ல போடுங்க.”

அப்படியே போட்டு லாக் செய்துவிட்டேன். அப்படி ஏதும் கட்டணம் விதிக்கும் யோசனை தங்களிடம் இருப்பின், அடுத்த ஜூலைக்கு முன்னால் தெரிவித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைக்காரன்.

இணைப்பு: 1. டீக்கடை ரசீதுகள் (நகல்). 2. நீக்கும் பட்டன் தேய்ந்த கீபோர்டின் புகைப்படம்.